அப்பா பாதியில் நிறுத்திய வரலாறு

ஈரக் கம்பளி வாடையும் வறுத்த மிளகாய்த்தூளின் காரமும் கலந்து மூக்கில் ஏறினால், அதுதான் பாரிசின் லா சப்பலில் நாங்கள் இருந்த வீட்டு நடையின் மணம். ஐந்தாம் மாடியில், மூன்று அறைகளில், இரண்டு குடும்பங்களாக ஏழு பேர் வாழ்ந்த அந்த வீட்டின் நடைச்சுவரில் வரிசையாக ஆணி அடித்து, “மாந்தோ” என்று நாங்கள் சொன்ன குளிர்கோட்டுகளை எல்லாம் மாட்டியிருந்தோம். அவற்றில் ஒன்றுகூட ஒருவருக்கும் சொந்தமில்லை. முதலில் வெளிக்கிடுகிறவர் தன் அளவுக்குப் பொருந்துவதை எடுத்துப் போட்டுக்கொண்டு போவார். பிந்தி எழும்புகிறவருக்கு மிஞ்சியதுதான். நான் பிந்தி எழும்புகிறவள்.

இந்தச் சட்டம் அப்பாவுடையது. இளந்தாரிக் காலத்தில் அவர், கலவரத்தில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்களோடு வவுனியாப் பக்கம் காடு வெட்டி, கிணறு இறக்கி, கூட்டாகப் பயிர் செய்தவர். ரஷ்யப் பக்கமிருந்து வந்த யூத இளைஞர்கள், பத்து ஆண்களும் இரண்டு பெண்களும், கலிலேயா ஏரியோரம் தொடங்கிய கூட்டுப்பண்ணையையும் அதைப் பார்த்து எழும்பிய மற்றப் பண்ணைகளையும் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று அங்கே அவருக்குக் கிடைத்தது. முதலாளி இல்லை, சம்பளம் இல்லை, உடுப்புக்கூடப் பொதுவில்தான், எதையும் எல்லோரும் கூடியே முடிவெடுப்பார்கள் என்று படித்தவர் சொக்கிப்போய், வேலை முடிந்த பின்னேரங்களில் அதைத் தமிழில் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறார். பாதி எழுதியபோது இராணுவம் வவுனியாப் பண்ணைக்குள் வந்தது. புத்தகம் அங்கேயே போய்விட்டது. கொப்பி மட்டும் அவரோடு பாரிசுக்கு வந்தது.

அந்தப் பாதி வரலாற்றை வைத்துத்தான் எங்கள் வீடு நடந்தது. ஞாயிறு பின்னேரம் கூட்டம். சின்னப்பிள்ளைகளுக்கும் கை உயர்த்த உரிமை உண்டு. அடுத்த அறையில் இருந்த ராணி அன்ரியின் கணவர் தன் அறைக்குள் தண்ணி கொதிக்கவைக்கும் ஒரு கேத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று மூன்று ஞாயிறு வாதாடினார்கள் என்றால் பாருங்கள். தனியத் தேத்தண்ணி குடிக்கத் தொடங்கினால் நாளைக்குத் தனியச் சமைப்போம் என்று அப்பா ஒரே பிடியாய் நிற்க, கேத்தில் பொதுக் குசினிக்குத் திரும்பி வந்தது. அம்மா ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, “அந்த ஏரிக்கரைக் காணியிலை முந்தி ஆர் விதைச்சவை?” என்று கேட்டார். கொப்பியில் அதற்குப் பதில் இருக்கவில்லை.

எனக்கு ஒன்பது வயதான குளிர்காலத்தில், அம்மா துப்புரவு வேலை செய்த வீட்டு மதாம், தன் மகளுக்குச் சிறிதாகிப்போன கருநீலக் கோட்டு ஒன்றை எனக்கென்று கொடுத்துவிட்டார். மரப் பொத்தான், உள்ளே கட்டம் போட்ட துணி. போட்டுப் பார்த்தேன், கை அளவாக மணிக்கட்டில் வந்து நின்றது. அப்பா அதை வாங்கி, நல்லாயிருக்கு என்று சொல்லி, ஆணியில் மாட்டிவிட்டார். அடுத்த நாள் காலையில் ராணி அன்ரியின் மகள் சுஜி அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள். நான் முழங்கால் வரை தொங்கிய ஒரு பழுப்புக் கோட்டோடு பின்னால் போனேன். சுஜி என் உயிர்த்தோழி; இருந்தும் அன்றைக்கு அவளைத் தள்ளி விழுத்தலாம் போல இருந்தது.

அழுதால் அப்பா இரங்கமாட்டார், கொப்பிக்குத்தான் கட்டுப்படுவார் என்று எனக்குத் தெரியும். பக்கத்துத் தெரு நூலகத்தில் அந்தப் பண்ணைகளைப் பற்றிய பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றைக் கேட்டு வாங்கி, விளங்காத சொற்களை அங்கே இருந்த பெண்ணிடம் கேட்டுக் கேட்டு, இரண்டு கிழமையாகப் படித்தேன். பிறகு ஞாயிறு கூட்டத்தில் எழும்பி, எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். கொஞ்ச வருடத்தில் அந்தப் பண்ணைக்காரர்களும் பொது உடுப்பு சரிவராது என்று கண்டு, ஆளாளுக்கு அடையாளம் தைத்து, அவரவர் சட்டையை அவரவருக்கே தோய்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். அறைக்குள் கேத்தில் வைக்கலாமா என்று அவர்களும் சண்டை பிடித்தார்கள். அம்மாவின் கேள்விக்கும் பதில் தேடினேன்: அங்கே முன்பு விதைத்தவர்கள் அரபு விவசாயிகள், அவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்பதை அந்தப் புத்தகம் ஒரு பந்தியோடு கடந்துவிட்டிருந்தது. அம்மா அதைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

அப்பாவின் கனவை எல்லோருக்கும் முன்னால் உடைத்துவிட்டேன் என்று பயந்தேன்.

“அந்த இடம் இப்பவும் இருக்குதோ பிள்ளை?”

“ஓம் அப்பா. ஆக்கள் இருக்கினமாம்.”

“மாத்தியும் நிண்டுபிடிச்சிருக்கினம்,” என்றார். பிறகு, அந்தக் கோட்டு எனக்குச் சொந்தமாகலாமா என்று அவரே கூட்டத்தைக் கேட்டார். முதலில் அம்மா கை உயர்த்தினார். அடுத்தது சுஜி, நிலத்தைப் பார்த்தபடி. அப்பாவின் கை கடைசியாக, ஆனால் நன்றாக மேலே உயர்ந்தது. அன்றிரவு ராணி அன்ரியின் கணவர் கேத்திலைத் தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனதைத் தடுக்க ஒருவரும் இல்லை.

இரண்டு வருடத்தில் ராணி அன்ரி வீட்டார் எபினே-சூர்-செய்னுக்கும் நாங்கள் செவ்ரானுக்கும் என்று வேறு வேறு புறநகருக்கு வீடு மாறினோம். என் ஆசையால்தான் அந்த வீடு பிரிந்தது என்ற குற்றவுணர்வு எனக்கு வெகுகாலம் இருந்தது. இப்போதும் லா சப்பல் கடைகளுக்குப் போகும்போது அந்த வீட்டை அண்ணாந்து பார்ப்பேன். ஐந்தாம் மாடியில் இப்போது யாரோ தொட்டியில் பூச்செடி வளர்க்கிறார்கள். ஞாயிறு கூட்டம் இல்லை, என்னுடையது உன்னுடையது என்ற பேச்சில்லாத நடையும் இல்லை. என் பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு கோட்டு.

சென்ற குளிர்காலத்தில் அம்மாவுக்கு இருதயச் சத்திரசிகிச்சை நடந்தது. சுஜி தன் வருட விடுமுறை முழுவதையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். ராணி அன்ரி இரண்டு ரயில் மாறி மதியச் சோறு கொண்டுவந்தார். அவர் கணவர் அப்பாவைக் குளிப்பாட்டி, சவரம் செய்து கூட்டி வந்தார். நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. மருத்துவமனை நடையில் அப்பா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஒருத்தரும் கை உயர்த்தேல்லை பிள்ளை,” என்றார். “எல்லாரும் வந்திட்டினம்.”