பதில் வந்தால்தான் சப்பாத்துக் கழற்றுவாள்

தோளில் பை தொங்க, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சிவமலர் தொலைபேசியை எடுப்பாள். கிள்ளானில் அவள் அம்மா, அதாவது என் தங்கை தங்கரத்தினம் வீட்டில், மூன்று முறை மணி அடித்ததும் வைத்துவிடுவாள். பிரிக்பீல்ட்ஸில் பெரியம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம், யாரும் எடுக்காததால் காசும் மிச்சம். மற்ற வீடுகளில் அத்தோடு முடிந்துவிடும். இவளுக்கு அங்கிருந்தும் பதிலுக்கு மூன்று முறை மணி அடிக்கவேண்டும். தங்கைக்கு முழங்கால் வலி, எழுந்து வர நேரமாகும். அதுவரை இவள் நின்றபடியே இருப்பாள்.

“சோறு ஆறுதுடி. அடிச்சாச்சுல்ல, உட்காரு.”

“நான் அனுப்பினது எனக்குத் தெரியும் பெரியம்மா. அம்மாவுக்குக் கிடைச்சது எப்படித் தெரியும்?”

இது அவள் அப்பாவைப் பெற்ற கந்தப்புவின் குணம். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். பாதை காலி என அடுத்த ஸ்டேஷனிலிருந்து பதில் வரவில்லை என்று, சொந்த மைத்துனன் கலியாணத்துக்குப் போன ரயிலையே நிறுத்திவைத்தவர்.

சிவமலருக்கு வேலை ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். சுங்கை வேயில் ரத்தம் எடுத்து, கிள்ளானில் சோதிப்பார்கள். முடிவு இரண்டு ஊர்க் கம்ப்யூட்டரிலும் ஒன்றுபோல் இருக்கவேண்டும். அது இவள் பொறுப்பு. விலையில்லாமல் கிடைக்கிற, உள்ளே திறந்து நாமே திருத்திக்கொள்ளக்கூடிய சாஃப்ட்வேர் வைத்திருக்கிறாள். அதில் இரண்டு வழியாம். கிள்ளானில் எழுதி முடித்துவிட்டு, சுங்கை வேயில் உள்ளதற்கு அப்புறமாக அனுப்புவது ஒன்று, அது வேகம். இரண்டு பக்கமும் எழுதியாயிற்று என்று பதில் வந்தபிறகே முடிந்தது என்பது இன்னொன்று. அது பத்திரம், ஆனால் இரண்டு ஊரையும் இணைக்கிற டெலிபோன் லைன் போனால் எல்லாம் நின்றுவிடும்.

முதலில் வேகமானதைத்தான் வைத்திருந்தாள். ஒரு நாள் இடி விழுந்து கிள்ளான் கம்ப்யூட்டர் கருகியது. அனுப்பாமல் இருந்த முடிவுகளும் அதோடு போயின. செமினியிலிருந்து பஸ் மாறி வந்து ரத்தம் கொடுத்திருந்த மாரியாயி என்ற பெண்ணுக்கு மறுபடி ஊசி குத்தவேண்டியதாயிற்று.

“அந்த அக்கா ஒண்ணுமே கேக்கலை பெரியம்மா. கையை மட்டும் நீட்டினாங்க.”

மறுநாளே பத்திரமான வழிக்கு மாற்றிவிட்டாள்.

போன வாரம் மழையில் முதலாளி வேலாயுதம் அவளைக் காரில் கொண்டுவந்து விட்டார். கையில் நான் கொடுத்த தேத்தண்ணி, வாயில் சண்டை.

“மலர், கவுண்டர்ல ஆள் வரிசையா நிக்குது. உன் மெஷின் அந்தப் பக்கத்துலேர்ந்து பதில் வரட்டும்னு தூங்குது லா!”

“காத்திருக்காததாலதானே பாஸ் அன்னிக்கு மறுபடி குத்தினோம்?”

“ஓசி சாமான் அப்படித்தான் இருக்கும்.”

“காசு குடுத்து வாங்கினதுன்னா உள்ள திறந்து பார்க்கக்கூட விடமாட்டான் பாஸ்.”

“இன்னொரு தடவை கவுண்டர் நின்னுச்சுன்னா, அந்தச் சாமானையும் உன்னையும் ஒரே லோரில ஏத்தி அனுப்பிருவேன்.”

சிவமலர் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். “சரி பாஸ். பேரு, விலாசம், பில்லு எல்லாம் கவுண்டர்லயே எழுதி முடிச்சிட்டு, அந்தப் பக்கம் அப்புறம் போகட்டும். ரத்த முடிவு மட்டும் பதிலுக்குக் காத்திருக்கும்.”

“பார்ப்போம்,” என்று கிளம்பினார்.

இன்று அந்த ஏற்பாட்டின் முதல் நாள். மத்தியானத்திலிருந்து மழை. நனைந்து வந்தாள். மூன்று முறை மணி அடிக்கவிட்டுத் தொலைபேசியை வைத்தாள்.

“கவுண்டர் நின்னுச்சா?” என்றேன்.

“லைன் ரெண்டு தடவை போச்சு. பேரு எழுதுறது நிக்கலை. முடிவு வாங்க வந்தவங்கதான் உட்கார்ந்திருந்தாங்க. பாஸ் ஒண்ணும் சொல்லலை. நாளைக்குச் சொல்வாரு.”

சோற்றைப் போட்டேன். தட்டைப் பார்த்தாள், தொலைபேசியைப் பார்த்தாள். குனிந்து ஒரு சப்பாத்தைக் கழற்றிவைத்தாள். மற்றக் காலில் சப்பாத்தோடு, அம்மாவின் பதில் மணிக்காக அங்கேயே நின்றாள்.