பத்து மணித் தொட்டில்

எங்கள் மாதர் சங்கத் தலைவிக்குப் பிடித்த வாக்கியம் ஒன்று இருந்தது. "அவங்க இடத்துல நம்மள வெச்சுப் பாக்கணும்." பஜ்ஜித் தட்டு ஒரு சுற்று வந்து போனதும் அதைச் சொல்வார். உடனே நாங்கள் எல்லோரும் முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொள்வோம். காப்பி வந்ததும் முகம் பழையபடி ஆகிவிடும்.

'அவங்க' என்றது பீங்கான் கம்பெனிப் பெண்களை. அந்த வருஷங்களில் விருத்தாசலத்துக்கு வெளியே வரிசையாக ஷெட்டுகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஊறுகாய் ஜாடி, பொம்மை, கரண்டுக் கம்பத்தில் மாட்டும் பீங்கான் குமிழ் என்று என்னென்னவோ சுட்டு அனுப்பினார்கள். மண் சுமப்பது, சுடாத ஜாடியை ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது, வெயிலில் அடுக்குவது எல்லாம் பெண்கள். தலைவியின் கணவர் அப்படி ஒரு கம்பெனிக்கு முதலாளி. என் கணவர் அந்தக் கம்பெனி ஆபீஸில் குமாஸ்தா. நான் திட்டக்குடியில் பதினோராவது முடித்து, நல்ல கையெழுத்தோடு கல்யாணமாகி வந்தவள். ஆகவே நான் சங்கத்தின் காரியதரிசி. தேர்தல் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் தலைவி என்னைப் பார்த்து, "நீயே எழுதிடும்மா" என்றார். எழுதினேன்.

அப்போது என் மகனுக்கு ஏழு மாதம். கொழுகொழுவென்று இருப்பான். அதுவே எனக்குக் கவலை. இவ்வளவு குண்டாக இருக்கலாமா என்று ஒரு வாரம் யோசிப்பேன்; அடுத்த வாரம் கன்னம் வற்றிவிட்டதோ என்று யோசிப்பேன். வாரப் பத்திரிகையில் டாக்டர் எழுதும் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருந்தேன். அதன்படி தண்ணீரைக் கொதிக்கவைப்பேன். ஆறிய பிறகு, போதுமான அளவு கொதித்ததா என்ற சந்தேகத்தில் மறுபடியும் அடுப்பில் ஏற்றுவேன். என் மகன் தாகத்தோடு இதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கம்பெனிப் பெண்கள் கைக்குழந்தையோடு வேலைக்கு வருவார்கள். ஷெட்டின் மூலையில் பழஞ்சேலையால் ஏணை கட்டிப் பிள்ளையைத் தூங்கவிட்டுவிட்டு, வேலை நடுவே காலால் ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுப் போவார்கள். இன்ஸ்பெக்டர் வரும்போது இந்த ஏணைகள் கண்ணில் படுவது நல்லதல்ல என்று முதலாளிக்குத் தோன்றியது. முதலாளிக்கு யோசனையாகத் தோன்றியது, அடுத்த வாரம் தலைவிக்குக் கருணையாகத் தோன்றியது. கம்பெனிக் கேட்டுக்கு எதிரே காலியாகக் கிடந்த ஓட்டுக் கட்டடத்தில் குழந்தைகள் காப்பகம் திறப்பது என்று தீர்மானம் போட்டோம். முதலாளியும் தன் பங்குக்கு ஓர் உத்தரவு போட்டார்: திறப்பு விழா முடிந்த திங்கட்கிழமையிலிருந்து ஷெட்டுக்குள் குழந்தை வரக்கூடாது; கொண்டுவருகிறவள் குழந்தையோடு வீட்டிலேயே இருந்துகொள்ளலாம்.

காப்பகம் காலை பத்து மணிமுதல் மாலை நான்கு மணிவரை என்று முடிவாயிற்று. கணவரையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டு, குளித்து, சாமி கும்பிட்டு, எங்களில் யாராவது ஒருத்தி முறை வைத்துப் போய் மேற்பார்வை பார்க்க அதுதான் தோது. மேற்கொண்டு, குழந்தையைக் குளிப்பாட்டி, நகம் வெட்டிக் கொண்டுவர வேண்டும் என்றும் ஒரு விதி சேர்த்தோம். அந்தக் கையெழுத்தும் என்னுடையதுதான்.

விழாவுக்கு நாலைந்து நாள் முன்பு, சாயங்காலம், ஒருத்தி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். முழங்கைவரை வெள்ளை மண் காய்ந்திருந்தது. இடுப்பில் மெலிந்த ஓர் ஆண் குழந்தை, தலையில் சிரங்கு. ஜாடி துடைக்கும் பிரிவில் வேலையாம். கம்மாபுரம் பக்கத்திலிருந்து புருஷனோடு வந்தவள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள உறவு என்று இங்கே யாருமில்லை.

"ஏழு மணிக்கெல்லாம் சங்கு ஊதிடறாங்கம்மா. நீங்க பத்து மணிக்குத்தான் தொறப்பீங்களாமே. அதுவரைக்கும் புள்ளய எங்க வெக்கறது?"

சங்கத்தில் பேசிப் பார்க்கிறேன் என்றேன். "பேசுங்க, பேசுங்க. திங்கக்கெழமைக்குள்ள பேசி முடிச்சிடுங்க," என்றாள். போகும்போது என் மகனை ஒரு பார்வை பார்த்தாள். "உங்க புள்ள நல்ல வெயிட்டு. என்னா குடுக்கறீங்க?" அவள் போனதும் கண் பட்டிருக்குமோ என்று சுற்றிப் போட உப்பு, மிளகாய் எடுத்தேன். படித்தவள் செய்கிற வேலையா என்று திரும்ப வைத்தேன். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று சுற்றிப் போட்டேன்.

சங்கத்தில் பேசத்தான் செய்தேன். குரல் எழும்பாமல், யாரோ சொன்னதை நான் சும்மா தகவலுக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். தலைவி கண்ணை மூடிக் கேட்டார்.

"விடிஞ்சும் விடியாம தாய்கிட்டேந்து பிள்ளையப் பிரிக்கறதாவது. அவங்க இடத்துல நம்மள வெச்சுப் பாரு," என்றார்.

பார்த்தேன். அவர்கள் இடத்தில் இருந்தால் ஏழு மணிக்கு எனக்கு வேலை போயிருக்கும். அதைச் சொல்லலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள், விழாவுக்கு ரோஜா மாலையா சந்தன மாலையா என்ற பேச்சு தொடங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை விழா. தொட்டில்களுக்கு முந்தின நாள்தான் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள், காயவில்லை. குழந்தைகளுக்குப் பால் கொடுக்க முதலாளி ஒரு கூடை கப்புகள் தானம் செய்திருந்தார். சூளையில் கோணிப்போய்க் கடைக்கு அனுப்ப முடியாதவை. ஒன்றுக்குக் காது கீழே இறங்கியிருந்தது, ஒன்று மேஜையில் வைத்தால் தலைவணங்கியது. கடலூரிலிருந்து ஒரு பெண் அதிகாரி தலைமை தாங்க வருகிறார் என்பதால் கம்பெனியில் பெண்களுக்குக் குழந்தையோடு வந்து நிற்க ஒரு மணி நேரம் அனுமதி கிடைத்தது.

குழந்தைகளை வரிசையாகத் தூக்கிப் பிடிக்கச் சொல்லித் தலைவி பார்வையிட்டார். ஜாடியைத் தட்டி ஓசை பார்த்து, விரிசல் உள்ளதை ஒதுக்குவார்களே, அப்படி. ஒன்றுக்கு மூக்கு ஒழுகியது. ஒன்றுக்கு வயிறு பெரிது. ஒன்று இடுப்புக் கயிற்றைத் தவிர எதுவும் போட்டுக்கொண்டு வரவில்லை. சிரங்குப் பிள்ளையிடம் வந்ததும் தலைவி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். குழந்தைகள் எல்லாம் வெளியே வேப்பமரத்தடிக்குப் போயின. "மிட்டாய் அப்புறம் அனுப்பறோம்," என்றார் தலைவி.

அப்போதுதான் தொட்டில்கள் காலி என்பது எங்களுக்கு உறைத்தது. அதிகாரியின் ஜீப் வர இன்னும் சிறிது நேரமே இருந்தது. தலைவியின் பார்வை என் இடுப்பிலிருந்த மகனிடம் வந்து நின்றது.

"ஒரு அஞ்சு நிமிஷந்தாம்மா."

பெயிண்ட்டைக் குழந்தை நக்கினால் என்ன ஆகும் என்று டாக்டர் பக்கத்தில் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. என் கணவர் யார் ஆபீஸில் வேலை பார்க்கிறார் என்பதும் நினைவுக்கு வந்தது. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் மகனை ஏழையாக்கத் தொடங்கிவிட்டார்கள். பொருளாளர் அவன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என்னிடம் தந்தார். இன்னொருவர் பின்னல் தொப்பியை உருவினார். பவுடரைத் துடைத்தார்கள். சட்டையைக் கழற்றலாமா வேண்டாமா என்று ஒரு சின்ன விவாதம். ஏழையாக இருக்க வேண்டும், ஆனால் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்பது தலைவியின் கருத்து. கடைசியில் கையில்லாத ஒரு பனியன் நிலைத்தது. தொட்டிலில் போட்டதும் அலறினான், முழங்கை பச்சையாயிற்று. அப்படியானால் ஒரு தாய் கையில் இருக்கட்டும் என்று தலைவி வெளியே எட்டிப் பார்த்து, பெண்களில் கொஞ்சம் லட்சணமாக இருந்தவளைக் கூப்பிட்டார். வந்தவள் என் வாசலுக்கு வந்தவள். தன் பிள்ளையை வேப்பமரக் கிளையில் ஏணை கட்டிப் போட்டுவிட்டு வந்து, என் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"கனத்துல கை விட்டுப்போவுதும்மா," என்றாள் என்னிடம் மெல்ல.

அதிகாரி வந்தார். என் மகன் தலையில் தலைவி கை வைத்திருக்க, அவள் அவனை ஏந்தியிருக்க, படம் எடுத்தார்கள். தொழிலும் சேவையும் தங்கள் குடும்பத்துக்கு இரண்டு கண்கள் என்று தலைவி பேசினார். நான் பன்னீர்ச் செம்போடு வரிசையில் நின்றேன். என் மகன் முதலில் சிணுங்கினான், பிறகு என் முகத்தைக் கண்டுபிடித்துவிட்டான். அப்புறம் அவன் போட்ட சத்தத்தில் இரண்டு கண்களும் யாருக்கும் கேட்கவில்லை. எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. செம்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். இப்போது போய் வாங்கினால் தலைவிக்கு அவமானம். வாங்காவிட்டால் நானெல்லாம் ஒரு தாயா. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தபடி நின்ற இடத்திலேயே நின்றேன்.

அதிகாரியும் பிள்ளை பெற்றவர் போலிருக்கிறது. தலைவியின் பேச்சை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். "குழந்தைக்குப் பசிம்மா. வெக்கப்படாத, அந்தப் பக்கம் போய்ப் பால் குடு," என்றார் அவளிடம்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலைவியைப் பார்த்தேன். தலைவி கூரையைப் பார்த்தார்.

"குடுக்கறதுல ஒண்ணுமில்லீங்க," என்றாள் அவள். "ஆனா இவரு எம் புள்ள இல்ல. காரியதரிசி அம்மா புள்ள. எம்புள்ள வெளிய மரத்துல தொங்குது."

"ஏன் வெளிய?"

"அழகு பத்தலயாங்க."

வாசலில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் அத்தோடு விடவில்லை. இப்படி ஒரு அதிகாரி காதருகே கிடைப்பது இனி எப்போதோ என்று கணக்குப் போட்டிருப்பாள்.

"பத்து மணிக்குத் தொறக்கறாங்களாம். எங்களுக்கு ஏழு மணிக்கு சங்கு. திங்கக்கெழமலேந்து புள்ளய ஷெட்டுக்குள்ள விடமாட்டாங்க. நடுவுல புள்ளய கேட்டுலயாங்க மாட்டி வெக்கறது? இல்ல நான் வேலைய வுட்டுட்டுப் போவணும். அதுக்கு எதுக்குங்க இத்தினி தொட்டிலு?"

அதிகாரி திரும்பித் தலைவியைப் பார்த்தார். நான் தலைவியைப் பற்றி எத்தனையோ குறை சொல்வேன். ஆனால் அந்த இடத்தில் அவரைப்போல இன்னொருத்தியைப் பார்க்க முடியாது. கண்கூட இமைக்கவில்லை.

"அதைத்தான் இப்ப அறிவிக்க இருந்தேன். அவங்க இடத்துல எங்கள வெச்சுப் பாத்து, ஆறரைக்கே தொறக்கறதா முடிவு பண்ணியிருக்கோம். எங்க காரியதரிசியே தினமும் நேர்ல வந்து பாத்துக்குவாங்க."

கைதட்டினார்கள். என் காலைப்பொழுது போன செய்தி எனக்கே அந்தக் கைதட்டலில்தான் தெரிந்தது. பிள்ளையை வாங்கப் போன அவசரத்தில், கையிலிருந்த பன்னீர்ச் செம்பை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். அவரும் வாங்கிக்கொண்டார், விழா முடியும்வரை அதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தார்.

அன்று மாலை என் கணவர் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நாளைக்கு முதலாளி என்ன சொல்வாரோ என்பது அவர் கவலை. மறுநாள் முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. ஷெட்டில் ஏணை இருக்காது, அவருக்கு அது போதும். அதோடு, குமாஸ்தாவின் மனைவி சும்மா கிடைத்திருக்கிறாள்.

திங்கட்கிழமை ஆறரைக்குப் போய்க் கதவைத் திறந்தேன். என் மகனையும் தூக்கிக்கொண்டுதான். அவனை விட்டுவர வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? சிரங்கு தொற்றுமோ என்று அவனைக் கடைசித் தொட்டிலில் போட்டேன். அதைப் பார்த்தால் இவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நடுவில் போட்டேன். மறுபடியும் கடைசிக்குக் கொண்டுபோனபோது அவள் வந்துவிட்டாள். என் கைகளையும் தொட்டிலையும் பார்த்தாள். தன் பிள்ளையை முதல் தொட்டிலில் போட்டு, கயிற்றை இழுத்துப் பார்த்தாள்.

"டீக்கு விடும்போது வந்து பால் குடுத்துட்டுப் போறேன். விதி எதுனா இருக்குதா அதுக்கு?"

எழுதவில்லை என்றேன். "எழுதாதீங்க," என்று சொல்லிவிட்டுச் சங்குச் சத்தத்துக்கு ஓடினாள்.

தலைவி என் மகன் இருக்கும் படத்தைச் சட்டம் போட்டுக் காப்பகச் சுவரில் மாட்டினார். பார்க்க வருகிறவர்களிடம், நம் காப்பகப் பால் குடித்து வந்த உடம்பு என்று சொல்வார். திறப்பு விழா அன்றே அவனுக்கு அந்த உடம்பு எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

சில மாதம் கழித்துச் சென்னையிலிருந்து சில பெரிய மனிதர்கள் உதவி கொடுப்பதற்காகப் பார்வையிட வந்தார்கள். தலைவி சரியாகப் பத்து மணிக்கு, அவர்களுக்குக் கொஞ்சம் முன்னால் வந்து, ஒவ்வொரு தொட்டிலாகப் பார்த்தார். சிரங்குப் பிள்ளைக்குச் சிரங்கு ஆறித் தழும்பு மட்டும் இருந்தது; என்றாலும் மெலிவு போகவில்லை. அவருக்குத் திருப்தி. கடைசித் தொட்டிலில் என் மகன் காலை உதைத்துச் சிரித்தான். தலைவியின் முகம் மாறியது.

"என்னம்மா இது, இவ்வளவு கொழுகொழுன்னு. இவனைப் பாத்தா இவங்களுக்கு எதுக்கு உதவின்னு கேப்பாங்க. கொஞ்ச நேரம் வெளிய வை."

சுவரில் இருந்த படமும் அவனோடு இறங்கியது. படத்தைப் பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். மகனைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனேன். கிளையில் அவள் பழைய சேலை ஏணை இன்னும் கட்டியபடியே இருந்தது. எறும்பு இருக்கிறதா என்று பார்த்தேன், முடிச்சை இழுத்துப் பார்த்தேன், மறுபடி எறும்பு பார்த்தேன். போட்டதும் அவன் தூங்கிவிட்டான். பச்சைத் தொட்டிலில் ஒருநாளும் அப்படித் தூங்கியதில்லை.

டீ நேரத்துக்கு அவள் வந்தாள். உள்ளே விருந்தாளிகளுக்குத் தலைவி அவள் பிள்ளையைக் காட்டிக்கொண்டிருந்தார். வெளியே என் பிள்ளை தொங்குவதைப் பார்த்து நின்றாள்.

"என்னாக்கா, இன்னிக்கி இவருக்கு அழகு பத்தலயா?"

கையெல்லாம் ஈரமண். ஏணையை முழங்கையால் ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு, தன் பிள்ளைக்குப் பால் கொடுக்க உள்ளே போனாள்.