பத்தொன்பது படிகளுக்கு மேல் ஒரு வீடு

பனமரத்துப்பட்டி ஏரிக்குக் கீழே, தாழ்வான ஒரு மனையில் எங்கள் வீடு இருக்கிறது. பன்னிரண்டு கான்கிரீட் தூண்கள், அவற்றின்மேல் வீடு, அடியில் வெறும் வெளி. ஏறிப்போகப் பத்தொன்பது படிகள்.

அத்தா சேலத்தில் துண்டு மொத்த வியாபாரம் செய்தவர். டவுனில் குடியிருந்த வாடகை வீட்டுக்குள் ஒரு மழையில் சாக்கடைத் தண்ணீர் புகுந்து, அடுக்கி வைத்திருந்த துண்டு பேல்கள் ஊறிப்போயின. சொந்த வீடு கட்டும்போது கொத்தனாரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "தண்ணி வந்தா அடியில போவட்டும்."

அப்படிப்பட்ட வீட்டில் வாழ்வது ஒன்றும் மோசமில்லை. அடியிலும் காற்று போவதால் கோடையில் தரை சுடாது. குழாய் ஒழுகினால் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். சிலிண்டர் போடுகிறவர் மட்டும் முதல் படியிலேயே இறக்கி வைத்துவிட்டு மணியடிப்பார். நான் மறந்துவிட்டுப்போகும் டிபன் பாக்ஸை அம்மா வாளியில் வைத்துக் கயிற்றில் இறக்குவாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் நிலக்கடலை காயப்போட்டிருக்கும்போது தூறல் விழுந்தால், அப்படியே எங்கள் வீட்டடிக்கு இழுத்துவிடுவார்.

அம்மா விழுந்தது படியில் அல்ல, குளியலறையில். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. ஸ்ட்ரெச்சர் எங்கள் படியின் வளைவில் திரும்பவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப்போனார்கள். மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் அதே பாடு. மூன்றாம் முறை திரும்பி வந்தபோது, அம்மா தூண்களுக்கு நடுவே நாற்காலியை வைக்கச் சொன்னாள்.

"இனிமே நான் மேல வரல. இங்கியே ஒரு ரூம் கட்டிக் குடுங்க."

மூன்றாம் நாள் அத்தா கொத்தனாரை வரவழைத்தார்.

"பாய், இது தண்ணி போறதுக்குன்னு உட்ட எடமுங்களே?" என்றார் கொத்தனார்.

"போறப்ப பாத்துக்கலாம். கட்டுங்க."

நான்கு தூண்களுக்கு இடையே சுவர் எழும்பியது. அம்மா கீழே, துணைக்கு நான். அத்தா மேலே. சமையலறை மேலே இருந்ததால், டீயும் சாப்பாடும் கொண்டுவர அத்தா நாளெல்லாம் ஏறி இறங்கினார். மற்ற நேரத்தில் இருவரும் செல்போனில் பேசிக்கொண்டார்கள். சண்டையும் போனிலேயே நடந்தது. ஒருவர் கத்துவது இன்னொருவருக்குப் போன் இல்லாமலேயே கேட்கும்.

அந்த ஐப்பசியில் ஏரி நிரம்பி மறுகால் போனது. விடியுமுன் சுபுஹுத் தொழுகைக்கு எழுந்து காலைக் கீழே வைத்தேன். கணுக்காலுக்குத் தண்ணீர். அம்மா கட்டிலில் உட்கார்ந்து, தண்ணீர் கதவிடுக்கில் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டதும் அத்தா இறங்கி வந்தார். ஆனால் தண்ணீரைக் கண்டதும் கீழிருந்து நாலாவது படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

விடிந்து வெளிச்சம் வரும்போது தோட்டத்துக்காரரும் அவர் மனைவியும் தண்ணீரில் நடந்து வந்தார்கள்.

"பயப்படாதீங்க சாமி. அம்மாவ நாற்காலியோட தூக்கிறலாமுங்க," என்றார் அவர் என்னிடம்.

அவர் பின்னால் பிடித்துக்கொண்டார். முன்கால்களை அவர் மனைவியும் நானும். அத்தா எங்களுக்கு முன்னால் பின்னோக்கி ஏறிக்கொண்டே, ஒவ்வொரு படிக்கும் "மெதுவா, மெதுவா" என்றார். வளைவில் நின்று மூச்சு வாங்கினோம். அப்போது அம்மா அவரைப் பார்த்துச் சொன்னாள்: "பேல் நனைஞ்சப்ப இடுப்பளவுத் தண்ணியில எறங்குனீங்க. இன்னைக்கு நாலாவது படியில நின்னுட்டீங்க."

தோட்டத்துக்காரர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா என்று தெரியவில்லை.

தண்ணீர் இரண்டு நாள் நின்றது. வடிந்தபின் அத்தா அறையைப் பார்க்க இறங்கினார். தோட்டத்துக்காரரும் கூட வந்தார்.

"சங்ககிரியில லாரிக்குச் சரக்கு ஏத்த மண்ணுமேடு போட்டிருப்பாங்க பாய். அப்புடிச் சரிவாப் போட்டா அம்மா நடந்தே ஏறுவாங்க."

"அம்புட்டு நீளத்துக்கு எடம் எங்க இருக்கு?"

"எங்க வரப்போரமா எடுத்துக்குங்க. எங்க கடலைக்கு நீங்க எடம் குடுக்கலீங்களா?"

கீழறைச் சுவர்களை இடித்தோம். அந்தக் கல்லும் மண்ணும் போட்டு, தண்ணீர் போக அடியில் மூன்று குழாய் பதித்து, எழுபது அடி நீளத்துக்குச் சரிவு எழுந்தது. இப்போது அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானே ஏறுகிறாள். வழியில் இரண்டு இடத்தில் உட்காருவாள். அதற்கு அத்தா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறார். உட்கார்ந்த இடத்தில் இருவரும் ஏதோ பேசுகிறார்கள். மேலே இருக்கும் எனக்குக் கேட்பதில்லை.

சரிவை அதிகம் பயன்படுத்துவது தோட்டத்து ஆடுகள்தான். வரவேற்பறைவரை வந்துவிடுகின்றன. வாசலுக்கு ஒரு தட்டி வைக்க வேண்டும்.