மேம்பாலத்தில் சிவப்புக் கார், தண்ணீரில் வெள்ளைக் கார்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரி கிளீனர், கோழிப்பண்ணை, கல்யாண மண்டபம் என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, செம்பாக்கத்தில் ஒரு வீட்டில் டிரைவராகச் சேர்ந்தேன். மாடிப்படிக்குக் கீழே படுக்க இடம் கொடுத்தார்கள், அதனால் தங்கினேன்.

அங்கே இரண்டு கார்கள். ஒன்று சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இருபது வருடப் பழசு. இரண்டே சீட்டு. உட்கார்ந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஏசி கிடையாது. கிளட்ச் மிதித்து மிதித்துத் தொடை கழன்றுவிடும். வேகத்தடை ஒவ்வொன்றிலும் வண்டியின் அடிவயிறு இடிக்கும். இன்னொன்று, போன வருடம் வாங்கிய ஏழு சீட்டு வெள்ளைக் கார். அதையும் எனக்குப் பிடிக்காது. பெல்ட் போடாவிட்டால் கத்தும், மாடு குறுக்கே வந்தால் கத்தும், பின்னால் எடுத்தால் கத்தும். ஆனால் அதில் மனிதர்கள் ஏறி இறங்க முடிந்தது. வீட்டுக்கார அக்காவின் அப்பாவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தாம்பரத்தில் டயாலிசிஸ். முட்டி மடங்காத மனிதர். அந்தக் காரில் மட்டும்தான் காலை நீட்டி உட்காருவார். அக்காவின் வீட்டுக்காரர்தான் என் முதலாளி. அவருக்கோ அதன் பெயர் ‘பஸ்’.

ஏரி நிரம்புகிறது என்று செய்தி வந்தாலே எங்கள் பக்கம் கார்க்காரர்கள் வண்டியை மேம்பாலத்தில் ஏற்றிவிடுவார்கள். அந்த மழைக்காலத்திலும் ஒரு நாள் வந்தது.

“பெரிய வண்டிய முதல்ல அனுப்புங்க. நாளைக்கு அப்பாவுக்கு டயாலிசிஸ் இருக்கு,” என்றார் அக்கா.

“அது உசரமான வண்டி. தண்ணியில நிக்கும். அப்புறமா நானே எடுத்துட்டுப் போறேன். என் வண்டி முங்கிடும்.”

“முங்கட்டுமே!”

சாவியை என் மேல் எறிந்தார் முதலாளி. “யோவ், கிளம்பு. ஒரு கீறல் விழுந்துது, தொலைச்சிடுவேன்.”

மேடவாக்கம் பாலத்தில் மிச்சமிருந்த ஒரே சந்தில் வண்டியை நுழைத்தேன். பின்னால் இடம் தேடி வந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டினார்.

“இன்னா மச்சான், பொம்மை கார இட்டாந்து எடத்த அடைச்சிகினு?”

“என்னுதா இருந்தா பாலத்துலேர்ந்து தள்ளி வுட்ருவேன்.”

“தள்ளு, நானும் கை குடுக்கறேன்.”

நடந்தே திரும்பினேன். தெருவில் தொடை வரை தண்ணீர். வெள்ளைக் கார் கேட்டில் பாதி உள்ளே, பாதி வெளியே நின்றது. தண்ணீர் ஏறிய பிறகு முதலாளி ஸ்டார்ட் செய்து ஓட்டப் பார்த்திருக்கிறார். இஞ்சின் தண்ணீர் குடித்துவிட்டது. “இதெல்லாம் ஒரு வண்டியா?” என்று அதன் கதவை உதைத்துக்கொண்டிருந்தார்.

காலையில் மழை விட்டிருந்தது, தண்ணீர் வடியவில்லை. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். முதலாளி சொன்னபடி நான் சிவப்புக் காரை எடுத்து வந்து, மேடாக இருந்த மெயின் ரோட்டில் நிறுத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் பெரியவரை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். முகம் வீங்கி, மூச்சு வாங்கியது.

உடம்பை உள்ளே விட்டோம். கால் வெளியே நின்றது. தலை கூரையில் இடித்தது.

“கொஞ்சம் மடக்குங்க மாமா.”

“மடங்குனா மடக்க மாட்டேனா?”

வலியில் அவர் கதவைப் பிடித்தார். “கதவுல தொங்காதீங்க, பழைய கீலு!” என்று பதறினார் முதலாளி.

அக்கா நேராக ரோட்டின் நடுவே போய் ஒரு தண்ணீர் லாரியை மறித்தார்.

“ஊரே தண்ணியில கீது, உனுக்கு இன்னும் வோணுமா?” என்றார் லாரி டிரைவர்.

“ஆஸ்பத்திரிக்குப் போணும்ணா. அப்பாவுக்கு முடியல.”

“ஐயய்ய, ஏத்து, ஏத்து.”

நாற்காலியோடு தூக்கி, முன்னால் இருந்த நீளச் சீட்டில் காலை நீட்டி உட்காரவைத்தோம். நானும் ஏறினேன்.

“யோவ், நீ எங்க ஏறுற? என் வண்டிய யாரு திரும்பப் பாலத்துக்கு எடுத்துட்டுப் போறது?”

சாவியை அவர் சட்டைப் பையில் போட்டேன். “நீங்கதான் சார்.”

தாம்பரத்தில் லாரிக்காரரும் நானும் பெரியவரை இறக்கினோம். மெஷினில் சேர்த்த பிறகு அக்கா டீ வாங்கிக் கொடுத்தார். “போயிடாதீங்க, திரும்ப ஏத்தணும்ல,” என்றார் என்னிடம். பெரியவர் முடித்து வெளியே வரும் வரை இருந்தேன். ஆட்டோவின் பின் சீட்டில் அவர் காலை நீட்டவைத்து, அக்காவையும் ஏற்றிவிட்டேன். நான் ஏறவில்லை, அந்த வீட்டுக்கு அப்புறம் போகவும் இல்லை.