படகில் குடியேறிய பறவை

வீணையேந்திய பென்தென் அம்மன் கோயில்கொண்ட அச்சிறு தீவில் இளவேனில் பிறந்ததும் கடற்காகங்கள் வந்து இறங்கும். அவை அம்மனின் ஏவலர். அவை முட்டையிட்ட இடத்தை எவரும் தொடார். ஆதலால் தீவின் அடிக்கரையில் படகை ஏற்றி வைப்போர் அப்பருவத்தில் படகின்மேல் வலை போர்த்துவர். அவ்வாண்டு, தன் படகுக்குப் பூசிய வண்ணம் உலரட்டும் என்று வலையை எடுத்த ஹத்சுயே மீண்டும் போர்த்த மறந்தாள். சுருட்டிய கயிற்றின் நடுவே இரண்டு முட்டைகளும் அவற்றின்மேல் ஒரு பறவையும் குடியேறின.

மலையூரில் பிறந்து இக்கரைக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். கணவர் நோயில் மறைந்தபின், மீன் பதனிடும் கூடத்தில் வேலை தேடிக்கொள்ளச் சொன்னவர் பலர். அவளோ துடுப்பைத் தோளில் சாய்த்துக் கடலுக்குப் போனாள். அதன்பின் பக்கத்து வீட்டுக் கென்சோவைத் தவிர எவரும் அவளுக்கு யோசனை சொன்னதில்லை.

பாறைகளில் முள்ளுருண்டையாய் ஒட்டியிருக்கும் கடல்முள்ளெலியை எடுக்க, தடை நீங்கிக் கடல் திறக்கும் முதல் நாள் விடிந்தது. அவளது ஆண்டுச் சோறு அந்தச் சில காலைகளில்தான் இருந்தது.

"யாரும் பாக்கலக்கா. முட்டைய அலுங்காம எடுத்து அந்தப் புல்லுல வெச்சுடு," என்றான் கென்சோ.

"யாரும் பாக்கலையா? அண்ணாந்து பாரு, எத்தனை கண்ணுன்னு."

அண்ணாந்தவன் நெற்றியில் வெள்ளையாக ஒன்று விழுந்தது.

"தொடைக்காத. அதிர்ஷ்டம்னு உங்க அம்மா சொல்லலையா?"

"உன் பொழப்புக்கு என்ன செய்வ?"

"கால் இருக்கு. நடந்து போறேன்."

தொடக்கக் கொடி ஏறியது. படகுகள் ஆழம் நோக்கி விரைந்தன. ஹத்சுயே மிதக்கும் மரத்தொட்டியைக் கயிற்றால் இடுப்பில் கட்டிக்கொண்டு, மார்பளவு நீரில் பாறை பாறையாய்த் தடவினாள். கென்சோவுக்குத் துடுப்புப் பிடிக்கும் மனைவி, மகளின் பேறுகாலத்துக்கு நகரம் போயிருந்தாள். அவன் அடியில் கண்ணாடி பதித்த பெட்டிக்குள் குனிந்து நீரடியைப் பார்த்துக் கொக்கியை இறக்கும் போதெல்லாம், நீரோட்டம் படகை இழுத்துச் சென்றது. வெயில் ஏறியதும் அவளருகே வந்தான்.

"தண்ணி ஐஸா இருக்குமே. பாவம், ஏறிக்கக்கா."

"பாவம் எனக்கா, உனக்கா? கூடையக் காட்டு."

கென்சோ கூடையைக் காலுக்குப் பின்னே தள்ளினான்.

"நான் துடுப்பு போடுறேன், நீ குனிஞ்சு எடு. கெடைக்கிறதுல சரிபாதி. குஞ்சு பறக்குற வரைக்கும் இதான் பேச்சு."

"சரிபாதியா? படகு என்னோடதுக்கா."

"அப்ப நீயே ஓட்டு." அவள் மீண்டும் நீருக்குள் குனிந்தாள்.

ஓர் அலை படகின் முகத்தைத் திருப்பியது. கென்சோ பெருமூச்செறிந்து, துடுப்பின் பிடியை அவள்பால் நீட்டினான். ஹத்சுயே முதலில் முள்ளெலி நிறைந்த தன் தொட்டியை ஏற்றினாள்.

"இது மட்டும் தனி," என்று சொல்லிவிட்டுத் தானும் ஏறினாள்.