நாங்கள் மறைய மாட்டோம்

அம்மா வேலை பார்த்த தொலைக்காட்சி நிலையத்திலிருந்து இரங்கல் குறிப்பின் வரைவு வந்தது. ‘முன்னாள் ஊழியர் மறைந்தார்’ என்று இருந்தது. ‘மறைந்தார்’ என்பதை அடித்துவிட்டு ‘இறந்தார்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். போனில் கூப்பிட்டு, மரியாதையாக இருக்காதே என்றார்கள். இதுதான் மரியாதை என்றேன்.

இறந்து பத்தொன்பது நாள் ஆகிறது. அந்தச் சொல்லை மாற்றிய காரணத்தை இப்போது எழுத முடிகிறது.

அம்மா ஒரு விண்வெளித் தொடரில் தொடர்ச்சிப் பொறுப்பாளர். முந்தைய காட்சியில் தளபதியின் இடது கையில் கட்டு இருந்தால் அடுத்த காட்சியிலும் இடது கையில்தான் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. எழுதியது என்ன, நடிகர் சொன்னது என்ன, இரண்டையும் நோட்டில் குறித்துக்கொள்வார். அரங்கில் அவர் பெயர் நோட்டக்கா.

பதினான்காம் பகுதியில் ஒரு சமாதான ஒப்பந்தம். நம் கப்பல்களிடம் கண்ணுக்குத் தெரியாமல் போகும் கருவி உண்டு. அதை விட்டுக்கொடுத்தால் எதிரி எல்லையைத் தாண்ட மாட்டான். தளபதி கையெழுத்திட்டபடி சொல்ல வேண்டிய வசனம்: ‘நாங்கள் மறைந்து தாக்க மாட்டோம்.’ படமெடுத்த அன்று விளக்குச் சூட்டில் எதிரித் தூதரின் ரப்பர் மண்டை நெற்றியிலிருந்து கழன்று வந்துகொண்டிருந்தது. தளபதி அவசரத்தில் ‘நாங்கள் மறைய மாட்டோம்’ என்று சொல்லிவிட்டார். இன்னொரு தடவை எடுத்தால் தூதருக்கு மண்டை இருக்காது. டைரக்டர் ‘ஓகே’ என்றார்.

அம்மா நோட்டில் இரண்டு வரி: ‘எழுதியது: மறைந்து தாக்க மாட்டோம். சொன்னது: மறைய மாட்டோம்.’ இரண்டாவது வரியின் கீழ் கோடு. ஒளிபரப்பானதும் அதுதான்.

அறுபத்தோராம் பகுதி. ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்ற நம் கப்பல் வரும் காட்சி. காலையில் மாதிரிக் கப்பலை நிறுத்தும் தாங்கியைத் துடைக்கும்போது கப்பல் கீழே விழுந்து ஒரு பக்கம் பெயர்ந்துவிட்டது. மறுநாள் ஒளிபரப்பு. ஒட்டிக் காய வைக்க நேரமில்லை. அன்று அரங்கில் இருந்த கேமராக்காரர், அம்மாவின் அடக்கத்துக்கு வந்தபோது எனக்குச் சொன்னது இது.

“கப்பல மறைச்சிடலாம். காலி வானத்தக் காட்டு, பின்னாடி இரைச்சல் போடு. வேல முடிஞ்சுது” என்றாராம் டைரக்டர்.

“முடியாது சார்” என்றார் அம்மா. “மறைய மாட்டோம்னு சொல்லியிருக்கோம்.”

“யாருகிட்டக்கா?”

“எதிரிகிட்ட.”

அரங்கமே சிரித்தது. “எதிரியா? அவரு வெளிய மண்டையக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு டீ குடிக்கிறாரு. போய் அனுமதி கேட்டுட்டு வரட்டுமா?” என்றார் டைரக்டர்.

“கேளுங்க. குடுக்க மாட்டாரு.”

டைரக்டர் வசனத் தாளை வரவழைத்தார். “இங்க பாருங்க. மறைந்து தாக்கக் கூடாது, அவ்வளவுதான். இப்ப நாம தாக்கப் போகல. காப்பாத்தத்தான போறோம்?”

அம்மா நோட்டைத் திருப்பிக் காட்டினார். “எழுதினது அது. சொன்னது இது.”

“வாய் தவறிச் சொன்னதுக்கா!”

“தவறினது நம்ம வாய்தான? எதிரி கேட்டுட்டான். வீட்ல உக்காந்து பாத்தவங்களும் கேட்டுட்டாங்க. அத்தன பேரு காதையும் போய்க் கழுவிட்டு வருவீங்களா?”

தொடர்ச்சித் தாளில் அம்மாவின் கையெழுத்து இல்லாமல் எந்த நாடாவும் ஒளிபரப்புக்குப் போகாது. அம்மா பேனாவை மூடினார். நாளைக்கே வேறு ஆளைப் போடுவேன் என்றார் டைரக்டர். “போடுங்க. அவங்களும் இந்த நோட்டத்தான் படிச்சாகணும்.”

பிறகு எழுந்து போய், கப்பலைத் தாங்கியில் தூக்கி வைத்து, பெயர்ந்த பக்கத்தைக் கேமராவுக்கு நேராகத் திருப்பினார். “இப்படியே வரட்டும். அடிபட்டதுன்னு தெரியட்டும். ஆனா வந்திருக்குன்னும் தெரியட்டும்.”

தளபதி வேடக்காரர் முன்னால் வந்தார். “சொன்னவன் நான்தான சார். அக்கா சொல்ற மாதிரியே எடுங்க” என்றார். டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். எடுத்தார்.

நான் ரேடார் பொறியாளர். நிஜத்தில் மறைவு என்றால் எதிரொலியைக் குறைப்பது. காணாமல் போவதல்ல. ஒருமுறை அம்மாவிடம், ஒளி முழுவதையும் வளைத்து அனுப்பிவிட்டால் கப்பலுக்குள் இருப்பவனுக்கும் வெளியே எதுவும் தெரியாது, அந்தக் கருவியே அபத்தம் என்றேன். “அபத்தமான கருவியாவே இருக்கட்டும்டா. குடுத்த வாக்கு அபத்தம் இல்லையே” என்றார்.

அறுபத்தோராம் பகுதி வந்த அடுத்த வாரமே அம்மாவைக் கீழ்த்தளத்து நாடா அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. காரணம்: ஒத்துழையாமை. தொடரின் முடிவில் ஓடும் பெயர்களிலிருந்து அவர் பெயரை எடுத்தார்கள். வேலையை விட்டுவிடு என்று அப்பா சொல்லிப் பார்த்தார். “நான் போயிட்டா அவங்களுக்கு வசதியாப் போயிடும்” என்று அம்மா மறுத்துவிட்டார்.

நோட்டை மட்டும் மேலே கொடுக்கவில்லை. புதிதாக வந்த பொறுப்பாளர் சீட்டு அனுப்பினார்: ‘ஒப்பந்தத்தில் நாம் சொன்னது என்ன?’ அதே சீட்டின் பின்பக்கம் அம்மா எழுதினார்: ‘கேட்க வேண்டியவர் வந்து கேட்கட்டும்.’ டைரக்டர் படியிறங்கி வந்தார். தொடர் முடிவதற்குள் ஏழு தடவை. ஒவ்வொரு முறையும் தேதி, கேள்வி, பதில், எல்லாம் குறிக்கப்பட்டிருக்கின்றன. கடைசிப் பகுதிக்கு முன்னால் உள்ள குறிப்பு இது:

‘டைரக்டர் வந்தார். நாற்காலி கொடுத்தேன். இந்த ஒரு தடவை மட்டும் மறைந்துகொள்ளலாமா என்றார். கூடாது என்றேன். சரி என்றார்.’