முட்டைப் பந்துச் சங்கத்தின் செயலாளர்

விளையாட்டுச் சங்கத்தின் செயலாளர் என்பவன் மைதானத்தில் இறங்காமலே அடிபடுகிறவன். வாசகசாலையோ பஜனை மடமோ, பத்துப் பேரைக் கூட்டி ஒரு சங்கம் நடத்திப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நாற்காலி போடுவதும் நாம்தான், அதில் உட்கார்ந்தவர்களிடம் பேச்சு வாங்குவதும் நாம்தான்.

அறுபதுகளில் நான் தாராவித் தோல் தொழிலாளர் சங்கத்தில் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிடப் பிரசுரங்களில் படித்ததே அதிகம். மேடை ஏறினால் கூட்டம் கலையாது. அப்படிப்பட்டவன் ஒரு ரக்பி சங்கத்துக்கும் செயலாளராகி, யார் யாரிடம் எப்படியெல்லாம் தலைகுனிந்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தாராவியில் ரக்பியா என்று நீங்கள் சிரிக்கலாம். அன்றும் எல்லோரும் சிரிக்கத்தான் செய்தார்கள்.

பந்து வந்த வழி

கோட்டைப் பக்கம் துரைமார் கிளப் ஒன்று இருந்தது. அங்கே புல் வெட்டிச் சுண்ணாம்புக் கோடு போடும் வேலை எங்கள் சவரிமுத்துவுக்கு. தையல் விட்ட பந்துகளைத் தாராவிக்குக் கொண்டுவந்து தைத்துப் போவதும் அவர்தான். தைப்பவர் கடையநல்லூர்க் கனி பாய், சின்னப் பட்டறை முதலாளி. ஒரு பந்து திரும்பத் திரும்பப் பிரிந்ததால் கிளப்பில் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். முட்டை போல இருந்த அந்தப் பந்து பட்டறை மூலையில் கிடந்தது.

சவரிமுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஆட்டத்தை விளக்கினார். பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். எதிரணியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் புள்ளி. ஆனால் கையால் சொந்த ஆளுக்கு எறிந்தால் பின்பக்கமாகத்தான் எறிய வேண்டும். முன்பக்கம் எறிந்தால் தப்பு. ‘முன்னேறு’ என்று தலைப்புப் போட்டே பிரசுரம் எழுதிப் பழகிய எனக்கு அந்த விதி பிடிக்கவில்லை. ஆனால் எட்டுப் பேர் தோள் கோத்துக் குனிந்து ஒரே உடம்பாக எதிராளியைத் தள்ளுவார்கள் என்று அவர் சொன்னதும் மயங்கிவிட்டேன். இதுதான் உழைப்பாளிகளின் ஆட்டம் என்று அன்றே சங்கத்தை ஆரம்பித்தேன்.

ஆரம்பித்தாகிவிட்டது, பந்து வேண்டுமே. மறுநாள் காலையில்தான் கனி பாய் பட்டறை வாசலில் வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லிக் கோஷம் போட்டிருந்தேன். தொண்டை கட்டிய குரலோடு சாயங்காலம் அதே வாசலில் போய் நின்றேன். அவர் பந்தை எடுத்துத் துடைத்து, என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “காலையில மொதலாளி ஒழிகன்னு கத்துனிய, இப்பம் பந்து கேட்டு வாறிய. இந்தப் பந்தையாவது ஒழிக்காம வச்சுக்கிடுங்க.”

உட்காரும் வழக்கம்

எங்கள் ஆட்டக்காரர்கள் எல்லோரும் வேலை செய்த தோல் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. நான் கொண்டுவந்ததுதான். மேஸ்திரி தகாத காரியம் செய்தால் யாராவது ஒருவர் “அநியாயம்” என்று குரல் கொடுப்பார். அந்தச் சத்தம் கேட்டதும் எல்லோரும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். ஊறல் தொட்டியில் தோல் கிடந்தாலும் சரி, கோரிக்கைக்குப் பதில் வரும்வரை எழுந்திருக்கக் கூடாது. தோல் அழுகினால் முதலாளிக்கு நஷ்டம், அதனால் அவர் ஓடிவருவார்.

ஆண்டாப் ஹில் பக்கம் ஒரு பொட்டலில் பயிற்சி நடந்தது. ஒரு நாள் சவரிமுத்து இன்னொரு சுற்று ஓடச் சொன்னார். மாடசாமி, எங்கள் அணியிலேயே திடமான ஆள், “அநியாயம்” என்று முனகினான். அவ்வளவுதான், மொத்த அணியும் புழுதியில் உட்கார்ந்துவிட்டது. என்ன கட்டுப்பாடு என்று எனக்குள் ஒரு பூரிப்பு. அதை என் முகத்தில் பார்த்துவிட்ட சவரிமுத்து பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: “ஆலையில உக்காந்தா மொதலாளிக்கு நட்டம். இங்க உக்காந்தா யாருக்கு நட்டம் அண்ணாச்சி?”

முதல் வெற்றி

எங்கள் முதல் ஆட்டம் செம்பூரில், ஒரு தொழிற்சாலை அணியோடு. எங்கள் ஆட்கள் ஷிப்ட் முடிந்து நேரே பஸ் ஏறி வந்திருந்தார்கள். பதனிட்ட தோலின் நாற்றம் உடம்பில் எப்படி ஏறும் என்பது அந்த வேலை தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். தோள் கோத்துக் குனிய வேண்டிய நேரம் வந்தது. தலைக்குத் தலை கொடுத்த எதிரணிக்காரர்கள் ஒருமுறை மூச்சை இழுத்தார்கள். மறுபடி குனியவே மாட்டோம் என்று நிமிர்ந்துவிட்டார்கள். நடுவர் அதட்டியதால் குனிந்தார்கள், ஆனால் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு. முகத்தைத் திருப்பியவன் எப்படித் தள்ளுவான்? நாங்கள் தள்ளிக்கொண்டே போய் ஜெயித்தோம்.

திரும்பும் பஸ்ஸில் ஒரே கும்மாளம். எங்களைச் சுற்றியிருந்த சீட்டுகள் காலியானதை யாரும் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். வெற்றிச் செய்தியைப் பிரசுரமாகப் போட வேண்டும் என்றார்கள். என்னவென்று எழுதுவது? இந்த வெற்றியை வெளியே சொல்ல வேண்டாம் என்று அடக்கினேன். மாடசாமிக்குக் கோபம் வந்துவிட்டது: “நாத்தமும் நம்ம உழைப்புதான அண்ணாச்சி?”

மாட்டுங்காவின் ஓட்டக்காரர்கள்

வேகமாக ஓட ஆள் இல்லை. மாட்டுங்காவில் ஆபீஸ் உத்தியோகம் பார்க்கும் தமிழ்க் குடும்பத்துப் பையன்கள் நாலைந்து பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் வெங்கட்டு என்பவர் ஓடினால் பிடிக்க முடியாது. எனக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. தோல் ஆலையும் டைப்ரைட்டரும் ஒரே அணியில் என்று அன்றைய கூட்டத்தில் நீளமாகப் பேசினேன்.

பயிற்சியில்தான் விஷயம் தெரிந்தது. தோள் கோத்துத் தள்ளும் கூட்டத்துக்குள் மாட்டுங்காக்காரர்கள் ஒருவர்கூட வரவில்லை. ஓரத்தில் கைகட்டி நின்றார்கள். பந்து வெளியே வந்ததும் வாங்கிக்கொண்டு ஓடினார்கள். குடிக்கத் தண்ணீரும் அவர்களுக்குத் தனியாக ஒரு கூஜாவில் வந்தது. சாதியில்லை என்று எத்தனையோ சுவரில் கரியால் எழுதியவனின் சங்கத்தில், பந்தை எடுத்துக் கொடுக்க ஒரு தெரு, வாங்கி ஓட இன்னொரு தெரு. வெங்கட்டுவைத் தனியாக அழைத்துக் கேட்டேன். அவர் மரியாதையாகவே பதில் சொன்னார்: “பந்தை யார் கொடுத்தாலும் வாங்கிக்கறோம் சார். அந்தக் கூட்டத்துக்குள்ளே மட்டும் கூப்பிடாதீங்கோ.”

மாடசாமிக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. அவன் என்னிடம் கேட்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

முன்வாசல்

அந்த மழைக்காலத்தில் துரைமார் கிளப்போடு ஆட வேண்டிய ஓர் அணி வராமல் போயிற்று. சவரிமுத்து தன் துரையிடம் எங்களைப் பற்றிச் சொல்லியிருந்தார். ஒரு ஆட்டம் கொடுத்துப் பார்ப்போம், கடைசிவரை ஒழுங்காக ஆடினால் அடுத்த பருவத்துப் போட்டியில் சேர்த்துக்கொள்வோம் என்று பதில் வந்தது. ஒழுங்காக ஆடுவார்கள் என்று சவரிமுத்து தன் பேரில் வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் சங்கம் நிலைப்பதும் குலைவதும் அந்த ஒரு ஆட்டத்தில் இருந்தது.

முன்வாசல் வழியாகத்தான் போவோம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். வேலைக்காரர்களுக்குப் பின்வாசல் என்றான் காவல்காரன். நாங்கள் இன்று வேலைக்காரர்கள் இல்லை, எதிரணி என்று எனக்குத் தெரிந்த இந்தியில் உரிமையைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். அவன் அசையவில்லை. திரும்பிப் பார்த்தால் என் பின்னால் ஒருவரும் இல்லை. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், டீ கிளாஸோடு சவரிமுத்து வந்து நின்றார்: “எல்லாரும் பின்னால உள்ள வந்தாச்சு அண்ணாச்சி. நீங்க மட்டுந்தான் போராடிக்கிட்டு இருக்கிய.”

அந்தப் புள்ளி

நான் பின்வாசல் வழியாகவே உள்ளே போனேன்.

ஆட்டம் சமமாகப் போயிற்று. எங்கள் ஆட்கள் பாதிப் பேர் வெறுங்காலோடு சேற்றில் நின்று தள்ளினார்கள். துரைமார் மூக்கைச் சுளிக்கவில்லை, திருப்பித் தள்ளினார்கள். முடியும் நேரத்தில் மாடசாமி பந்தைப் பிடுங்கி எறிந்தான். வெங்கட்டு வாங்கிப் பறந்து கோட்டுக்கு அப்பால் வைத்துவிட்டார். நான் துண்டை உயர வீசினேன். அதற்குள் நடுவர் ஊதிப் புள்ளி இல்லையென்று கையசைத்தார். என் தொண்டையிலிருந்து தானாக வந்துவிட்டது: “அநியாயம்!”

பக்கத்தில் நின்ற சவரிமுத்து, “முன்பக்கமா எறிஞ்சுட்டான் அண்ணாச்சி, தப்பு நம்ம பேர்லதான்” என்று சொல்லி முடிப்பதற்குள் மாடசாமி உட்கார்ந்துவிட்டான். அவனைப் பார்த்து மற்றவர்கள். கடைசியில் வெங்கட்டுவும் மாட்டுங்காப் பையன்களும் வந்து, வெள்ளைக் கால்சட்டையோடு அந்தச் சேற்றில் மாடசாமியை ஒட்டி உட்கார்ந்தார்கள். ஆட்டத்தை மறுபடி தொடங்க எதிரணி மட்டும் தோள் கோத்துக் குனிந்தது. எதிரே குனிய ஆளில்லை. அவர்களில் ஒருவர் பந்தை எடுத்தார். ஓடவில்லை, நடந்தார். உட்கார்ந்திருந்தவர்களை மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்து நடந்தார். மாடசாமியின் கால் குறுக்கே நீண்டிருந்தது. “எக்ஸ்க்யூஸ் மீ” என்றார். மாடசாமி காலை மடக்கி வழி விட்டான். அவர் போய்ப் பந்தை எங்கள் கோட்டுக்குப் பின்னால் வைத்தார்.

நான் உள்ளே ஓடினேன். தப்பு நம்முடையது, எழுந்திரு என்று கெஞ்சினேன். சபையில் அத்தனை துரைமாரும் பார்த்துக்கொண்டிருக்க, மாடசாமி என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்: “வெங்கட்டு சார் வச்ச புள்ளியைத் திருப்பித் தரச் சொல்லுங்க, எந்திரிக்கோம். சும்மா எந்திரிக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லித் தந்திய?”

ஊர் வழக்கம்

அடுத்த பருவத்துக்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் காலையில் அதே மைதானத்தில், அதே துரை பார்க்க, சவரிமுத்து கோடு போட வேண்டியிருந்தது. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன். அவர் திட்டவில்லை. பாயை விரித்துப் போட்டு உட்காரச் சொன்னார். நான் தயங்கியதைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது: “தொரை கேட்டாரு அண்ணாச்சி, எந்த விதியில உக்காந்தாங்கன்னு. எங்க ஊர் வழக்கம்னு சொல்லிட்டேன்.”

ஆக, எத்தனையோ மேடையில் ஒற்றுமை ஒற்றுமை என்று கத்தி வரவழைக்க முடியாத நான், தோல் ஆலையையும் மாட்டுங்காவையும் ஒரே சேற்றில் தோளோடு தோள் உட்கார வைத்தது, தப்பு எங்கள் பக்கம் இருந்த அந்த ஒரு நாளில்தான்.